‘பூஜ்யம்’ என்று எழுதியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

குடிநீரில் சாக்கடை கலந்து நோய் பரவிய நாட்களில் உழைத்த உங்கள் எல்லாருக்கும் இந்தக் கடிதம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறது என்று எழுதும் பதிவேட்டில் தினமும் 0.5 என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் நாங்கள் நம்புவதில்லை. உங்கள் பதிவேடு 0.6, 0.3, 0.2 என்று இறங்கி, ஒரு நாள் 0.0 என்று நின்றது. அதை மறைக்காமல் எழுதியவருக்கே முதல் நன்றி. தொட்டியடியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தும் கடைமடைக் குழாயில் ஒன்றுமில்லை என்றால், வழியில் ஏதோ குளோரினைத் தின்கிறது. பழைய குழாயின் அழுக்காகவும் இருக்கலாம், சாக்கடையாகவும் இருக்கலாம். சாக்கடை என்றே வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். கடைசிக் குழாயில் குறைந்தது 0.2, நோய் பரவும் காலத்தில் 0.5 நிற்க வேண்டும்.

பொய்ப் பூஜ்யமும் உண்டு. குளோரினைச் சோதிக்கக் குப்பி நீரில் போடும் டிபிடி மாத்திரை தரும் இளஞ்சிவப்பு, குளோரின் அளவுக்கு மீறி இருந்தாலும் வெளுத்துவிடும். குப்பி ஒரு நொடி சிவந்து மறைந்ததைக் கவனித்து, குளோரின் இல்லாத நீரைப் பத்து மடங்கு சேர்த்து மறுபடி பார்த்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவசரப்பட்டு இன்னும் பவுடரைக் கொட்டியிருந்தால் அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைத்திருக்க முடியாது.

பிளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போட்டீர்களே, அதற்கும் நன்றி. 10,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 20 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடரில் சுமார் 60 கிராம் போதும். மூட்டை திறந்தே கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 100 கிராம். குழைத்து, தெளியவைத்து, மேல்தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் பொறுத்தே வால்வைத் திறந்தீர்கள். கலங்கல் நீருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

தண்ணீர் வரும்போது பீய்ச்சியடிக்கும் கசிவு எல்லார் கண்ணிலும் படும். தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை வெளியிலிருப்பதை உள்ளே உறிஞ்சும் என்பதுதான் பலருக்குத் தோன்றாது. சாக்கடைக்குள் முங்கிக் கிடந்த வீட்டு இணைப்புகளை முழங்கை வரை விட்டுத் தடவிக் கண்டுபிடித்து, மேலே தூக்கிக் கட்டிய தோழர்களுக்கு என்ன சொன்னாலும் தகும்.

ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுத்தவர்கள், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இட்ட குப்பியோடு வந்தார்கள். அது இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். ஆய்வகமும் நல்ல தண்ணீர் என்று எழுதிவிடும்.

கொதிக்கவைத்துக் குடித்த வீட்டாருக்கு: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். குளோரின் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே அல்ல. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது, குளோரின் கலந்தும் இந்த ஒட்டுண்ணி தப்பி வந்த குடிநீர்தான்.

நோயாளிகளைத் தெருவாரியாக, நாள்வாரியாகக் குறித்த சுகாதாரப் பணியாளர்களே, 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்ததும் இதைத்தான். ஒரு வேண்டுகோள்: கசிவை அடைத்த பிறகும் புதிதாக மஞ்சள் காமாலை வந்தால் வேலை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமி உடலுக்குள் போனபின் காலரா சில மணி நேரம் முதல் 5 நாளுக்குள் தெரியும். காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும், ஹெபடைடிஸ் ஈ இன்னும் சில நாள் தாமதிக்கலாம். காமாலைப் பட்டியலை மட்டும் இரண்டு மாதம் கழியும்வரை மூடிவைக்க வேண்டாம்.

நன்றியுடன்,
குடிநீர்க் கண்காணிப்புக் குழுவினர்