பார் செக் இல்லாத கோப்பை ஏற்காதீர்கள்: இசைத்தாள் தொகுப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன மாதம் அந்த நால்வர் இசையின் இரண்டாம் வயலின் தாளில் பிழை இருக்கிறது என்று எழுதியவன்தான் நான். "பிடிஎஃப் எங்களுக்குச் சரியாகத் திறக்கிறது" என்று ஒரே வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டீர்கள். திறக்கவில்லை என்று நான் எழுதவே இல்லையே. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதைப் பற்றித்தான் எழுதினேன். அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: இசைத்தாள் அச்சிடும் மென்பொருளான லில்லிபாண்டுக்கு நோட்டுகளை எழுத்துக் கோப்பாகத் தருகிறோம். அதில் ஒவ்வொரு பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முடிவிலும் ஒரு நிமிர்ந்த கோடு போட்டால், பார் அங்கேதான் முடிகிறதா என்று அது சரிபார்க்கும், அதுதான் பார் செக்.

ஒத்திகையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "36இலிருந்து எடுப்போம்" என்றார் முதல் வயலின். மற்ற இரண்டு பேரும் வரித் தொடக்கத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து, விரலால் நாலு பார் எண்ணி, வில்லைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிட்டார்கள். இரண்டாம் வயலின்காரர் மட்டும் தாளுக்குள் குனிந்துகொண்டே இருந்தார். அவர் தாளில் 36 இல்லை. 31 என்று எண் போட்ட ஒரு வரி, அதில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் பார் கோடே இல்லாமல் எறும்பு ஊர்ந்த மாதிரி நோட்டுகள். ஏறக்குறைய வரி முடிகிற இடத்தில் ஒரு கோடு, அதுவும் ஒரே பீமில், அதாவது நோட்டுகளை இணைக்கிற தடித்த கோட்டில், சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு நோட்டுகளுக்கு நடுவில். பென்சிலை எடுத்து நாலு நாலாக எண்ணிக் கோடு கிழிக்க ஆரம்பித்தார் மனுஷர். ஏழு பார் கிழித்ததும் கணக்கு உதைத்தது. அன்றைக்கு அந்தப் பகுதியை வாசிக்கவே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். லில்லிபாண்டில் 4 என்று போட்டால் கால் நோட்டு, 8 என்று போட்டால் அரைக்கால். எண் போடாத நோட்டு தனக்கு முந்தைய நோட்டின் நீளத்தையே எடுத்துக்கொள்ளும். 31ஆம் பாரில் ஏதோ ஓர் இடத்தில் நீளம் தப்பாகி, பாரில் நாலு கால் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை கால் வந்துவிட்டது. அரைக்கால் அளவு மிச்சம். அதற்கு அப்புறம் வருவதெல்லாம் கால் நோட்டும் அரை நோட்டும், ஒவ்வொரு பாரின் கடைசி நோட்டும் எல்லையைத் தாண்டி அடுத்த பாருக்குள் காலை நீட்டுகிறது. நோட்டு தாண்டினால் அது தப்பென்று லில்லிபாண்ட் சொல்லாது, வேண்டுமென்றே தாண்ட விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்கே கோடு போடாமல் போய்விடும். கோடு இல்லாத இடத்தில் வரியையும் உடைக்காது. அதனால் 11 பார் ஒரே வரியில் நெருக்கி நின்று வலது ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது. கடைசியில் எங்கேயோ இரண்டு அரைக்கால் ஜோடியாக வந்ததால் அவற்றின் நடுவே ஒரு கோடு விழுந்தது, வரியும் அங்கே உடைந்தது.

தாளின் வலது ஓரத்தைத் தாண்டி இசை ஓடினால் காரணம் பெரும்பாலும் தப்பான நோட்டு நீளம்தான் என்று லில்லிபாண்டின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் ஆள் யாரோ அதைப் படிக்காமல் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். கோப்பின் தலையில் ஸ்டாஃப் அளவு (ஐந்து கோடுகளின் மொத்த உயரம்) 14 என்று இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் வருவது 20. ஓடுகிற வரியைத் தாளுக்குள் அடக்க எழுத்தையே சுருக்கியிருக்கிறார்! சட்டை பற்றவில்லை என்று ஆளைச் சுருக்கிய கதை. வரி உள்ளே வந்துவிட்டது, பிடிஎஃப் சரியாகத் திறக்கிறது, புகார் மூடப்பட்டது.

சரி, நானே திருத்திவிடலாம் என்று மூலக் கோப்பை இறக்கினேன். மூலத்தையும் சேர்த்துத் தருகிற தொகுப்புகள் குறைவு, நீங்கள் தருகிறீர்கள், அதற்கு உண்மையாகவே நன்றி. ஆனால் லில்லிபாண்டின் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று சொல்கிற வெர்ஷன் வரி கோப்பில் இல்லை. என்னிடம் இருப்பது 2022 டிசம்பரில் வந்த 2.24, அதில் ஓட்டினால் பிழை மேல் பிழை. பழைய எழுத்துமுறையைப் புதியதாக மாற்ற கன்வெர்ட்-எல்ஒய் இருக்கிறதுதான், ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து மாற்றுவது என்று அதற்கு யார் சொல்வது? ஓவர்ரைடு (தோற்றத்தை மாற்றுகிற கட்டளை) எழுதியிருக்கிற தினுசை வைத்து, 2013 டிசம்பரில் வந்த 2.18க்கும் முந்தியது என்று ஊகித்து, ஊகத்தை இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் கோப்பு ஓடியது. ஒரு வரி எழுதியிருந்தால் இந்த ஒரு மணி நேரம் மிச்சம்.

ஓடிய பிறகு பார்த்தால் முழு இசையும் 9ஆவது வரியில் இருக்கிறது. 88 பாரும் ஒரே வரி. நடுவில் ஒரு பார் செக் கூட இல்லை. நானே ஒவ்வொரு பாரின் முடிவிலும் அந்த நிமிர்ந்த கோட்டைப் போட்டுக்கொண்டே போனேன், 31இல் லில்லிபாண்ட் வாயைத் திறந்தது: பார் செக் தோற்றது, நிற்கிற இடம் 1/8, அதாவது பாரின் எல்லையை அரைக்கால் தாண்டி. வரி எண், எழுத்து எண் எல்லாம் சொல்லியது. இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது நாம் கேட்காததால்தான்.

இனிமேல்தான் அசல் தொல்லை. அந்தப் பாரில் இருப்பது நாலு நோட்டு. முதல் நோட்டுக்கு 4, பக்கத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒன்றரை கால். இரண்டாவதுக்கு 4. மிச்ச இரண்டுக்கு எண் இல்லை, அதாவது அவையும் கால். புள்ளி கூடுதலாக விழுந்ததா? அதை எடுத்துவிட்டால் நாலு கால், கணக்கு சரி. அல்லது இரண்டாவது நோட்டு 8ஆக இருந்து, அதற்கடுத்ததில் 4 எழுதியிருக்க வேண்டுமா? அப்படியும் கணக்கு சரி. இரண்டுமே பாருக்குள் அழகாக உட்காரும், காதுக்கும் இரண்டுமே தப்பாகப் படாது. பழைய அச்சுப் பிரதி தட்டச்சு செய்தவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. வியோலா தாளை எடுத்து, அங்கே அதே இடத்தில் என்ன வருகிறது என்று பார்த்து, திரும்பி வருகிற பகுதியோடு ஒப்பிட்டு, இராத்திரி இரண்டு மணிக்கு 8தான் என்று முடிவு செய்தேன். இன்னும் இரண்டு இடத்தில் இதே மாதிரி. மூன்றில் ஒன்றில் எனக்கு இப்போதும் முழு நிச்சயம் இல்லை.

இதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: பார் செக் இல்லாத கோப்பை ஏற்காதீர்கள். எழுதும்போதே போட்டால், எச்சரிக்கை வருகிற அந்த நிமிஷத்தில் அச்சுப் பிரதி எழுதுபவரின் கண்ணெதிரே இருக்கும், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் புள்ளியா எட்டா என்று தெரிந்துவிடும். பத்து வருஷம் கழித்து நான் போடுகிற பார் செக்கால் பிழை இருக்கிறது என்றுதான் தெரியும், எது பிழை என்று தெரியாது.

என் மீதும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. அதே இரவில் ஓர் எஃப் நோட்டை ஜி ஆக்கினேன், ஓர் எழுத்துதான். கோப்பு ரிலேட்டிவ் முறையில் எழுதியது, முந்தைய நோட்டுக்கு எது பக்கமோ அந்த ஆக்டேவை (ஸ்தாயியை) லில்லிபாண்ட் தானே எடுத்துக்கொள்ளும். முந்தைய நோட்டு சி. சியிலிருந்து எஃப் மேலே பக்கம், ஜி கீழே பக்கம். அவ்வளவுதான், அங்கிருந்து கடைசி வரை எல்லாமே ஓர் ஆக்டேவ் இறங்கி, வயலினில் இல்லவே இல்லாத சுருதிக்கெல்லாம் போய்விட்டது. அங்கங்கே ஆக்டேவ் செக் (நோட்டு சரியான ஆக்டேவில் இருக்கிறதா என்று பார்க்கிற குறி) போட்டிருந்தால் அடுத்த செக்கிலேயே எச்சரித்திருக்கும். அதையும் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கப் போவதில்லை, பேராசை என்பீர்கள்.

உங்கள் பதிவேற்றப் படிவத்தில் இசையமைப்பாளர் பிறந்த வருஷம் கட்டாயம், முகப்புப் படம் கட்டாயம், படத்தின் அகலம் இத்தனை பிக்சல் என்பது கூடக் கட்டாயம். உள்ளே இருக்கிற இசை நாலு கால் தாளத்தில் நாலு காலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவரவர் விருப்பம். இன்னொன்று, நீங்கள் வெளியிட்டிருக்கிற பிடிஎஃபில் ஒவ்வொரு நோட்டின் மேலும் பாயிண்ட்-அண்ட்-கிளிக் இணைப்பு (சொடுக்கினால் மூலக் கோப்பில் அந்த நோட்டின் இடத்துக்குக் கொண்டுபோவது) அப்படியே இருக்கிறது, அதில் பதிவேற்றியவருடைய கணினியின் ஃபோல்டர் பாதை முழுசாகத் தெரிகிறது, பாவம் அவர் அந்த ஃபோல்டருக்கு 'அவசரம் கடைசி உண்மையான கடைசி' என்று பெயர் வைத்திருக்கிறார். சிரித்தேன், ஆனால் அது நான் பார்க்க வேண்டியதில்லை. வெளியிடும்போது அதை அணைக்க ஓர் ஆப்ஷன் இருக்கிறது. சரி, இது வேறு புகார், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நீங்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள்தான். 1996இலிருந்து இந்த மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் செய்து வைத்த எச்சரிக்கை மணியை நாம் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கிறோம். கேட்பது இரண்டே சங்கதி: கோப்பின் தலையில் வெர்ஷன் வரி, ஒவ்வொரு பாரின் முடிவிலும் பார் செக். இந்த இரண்டும் இல்லாமல் வருகிற புதிய கோப்பைத் திருப்பி அனுப்புங்கள், ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தட்டச்சு செய்தவர்களிடம் அச்சுப் பிரதி இன்னும் இருக்கும்போதே ஒரு கடிதம் போடுங்கள், தயவுசெய்து.

திருத்திய இரண்டாம் வயலின் கோப்பை மறுபடி அனுப்பியிருக்கிறேன். 88 பார், 88 வரி, ஸ்டாஃப் அளவு 20. நிச்சயமில்லாத அந்த ஓர் இடம் 63ஆம் பார், அங்கே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அச்சுப் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவரை அந்த ஒரு பாரை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை இந்தப் புகாரை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வயலின் தாளைத் திருத்தியவன்