பக்கத்து நிரை சின்னம்மாவுக்கு

அன்புள்ள சின்னம்மா,

போன மாதம் வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. மனிதன் யாருக்கு உதவினாலும் தனக்காகத்தான் உதவுகிறான்; பேருக்காக, புண்ணியத்துக்காக, அதுவும் இல்லாவிட்டால் தன் மனசின் தவிப்பைத் தீர்த்துக்கொள்ள என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உங்கள் முகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறை தீரத்தான் இதை எழுதுகிறேன்.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவைக் குளவி கொட்டிய அன்று, அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த நீங்கள் தப்பி ரோட்டுக்கு வந்துவிட்டீர்கள். அம்மா தேயிலைத் தூரில் கால் தடுக்கி மலையிலேயே கிடந்தார். நீங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டு திரும்ப ஏறினீர்கள். அம்மாவை மூடத்தான் படங்கு காணும். உங்கள் தலையும் முதுகும் வெளியே. கொழுந்து லொறியில்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மறுநாள் ராத்திரியும் பாட்டி லாம்பைப் பக்கத்தில் வைத்து, உங்கள் முடியை விலக்கி விலக்கிக் கொடுக்குத் தேடியது எனக்கு ஞாபகம்.

தவிப்புத் தீர வேண்டுமென்றால் நீங்கள் லயத்து வீட்டுக்கே ஓடியிருக்கலாமே?

1981இல் டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைத்தான் சோதித்தார்கள். ஒரு பெண் மின்னதிர்ச்சியில் துடிப்பதைத் திரையில் காட்டினார்கள். அது நடிப்பு, பார்த்தவர்களுக்குத் தெரியாது. சிலருக்கு, கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். விரும்பினால் அவளுக்குப் பதிலாகத் தாங்களே போய் உட்காரலாம். அப்படி எழுந்து போகலாம் என்றிருந்தவர்களில், அவள் நம்மைப் போன்றவள் இல்லை என்று நினைத்தவர்களில் 100க்கு 18 பேர்தான் முன்வந்தார்கள். நம்மைப் போன்றவள் என்று நினைத்தவர்களில் 91 பேர். கதவு திறந்திருந்தும் போகவில்லை, சின்னம்மா.

44 பெண்களை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். சண்டையும் அதோடு ஓயவில்லை. அடுத்தவரைத் தன்னில் ஒரு பாதியாக உணர்ந்தால், அப்போதும் உதவுவது தனக்குத்தானே என்று ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள் மறுத்தார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அடுத்தவள் வலியைத் தன் முதுகில் வாங்குவதற்கும் சுயநலம் என்றே பெயரென்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏன் திரும்பிப் போனீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னீர்கள்: "ரோட்டுக்கு வந்து பாத்தா பக்கத்து நிரை ஆளக் காணோம். வேற என்னா செய்யிறது?"

மழை நாளில் இடது காது இன்னும் குத்துகிறதாம், அம்மா சொன்னார். தீபாவளிக்கு வருவேன். இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவோம், மறுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளை