இரண்டும் 4 ஜிபிதான், ஆனால் ஒன்றல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ரெண்டும் 4 ஜிபிதானே, எதை வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். குறைந்த செலவில் கிராபிக்ஸ் கார்டு தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 4 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650க்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் நடுவில்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கடையில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லும் பதில் இதற்குப் போதாது. அதனால்தான் நிதானமாக எழுதுகிறோம்.

பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது கோர்களின், அதாவது கணக்கிடும் சிறு அலகுகளின், எண்ணிக்கை. 2019 ஏப்ரலில் வந்த 1650இல் 896 கோர்கள். 2022 ஜனவரியில் வந்த 6500 எக்ஸ்டியில் 1024. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இரு நிறுவனங்களும் கோரை வடிவமைக்கும் விதமே வேறு, ஓடும் வேகமும் வேறு. 1650 அதிகபட்சமாக 1665 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கிறது, 6500 எக்ஸ்டி 2815. காகிதக் கணக்கில் இரண்டாவது கார்டின் கணக்கிடும் திறன் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் கேம் ஓடும்போது அந்த இரு மடங்கு வருவதில்லை. காரணம் நினைவகத்தில் இருக்கிறது.

இரண்டு பானைகள் ஒரே அளவு, வாய் மட்டும் வேறு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1650இன் நினைவகப் பாதை 128 பிட் அகலம். 6500 எக்ஸ்டியில் அதில் பாதி, 64 பிட். அகலம் குறைந்ததை வேகத்தால் ஈடுகட்டியிருக்கிறார்கள். கணக்கு எளிதுதான்: பாதையின் பிட் அகலத்தை நினைவகத்தின் வேகத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை ஜிபி போய்வரும் என்று தெரிந்துவிடும். ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்த 1650இன் வேகம் 8 ஜிகாபிட், ஆகவே 128 ஜிபி. 6500 எக்ஸ்டியின் ஜிடிடிஆர்6 வேகம் 18 ஜிகாபிட், ஆகவே 144 ஜிபி. கூடவே சிப்புக்குள்ளேயே 16 எம்பி கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறு நினைவகம்) இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்துக்கு ஓடவேண்டிய வேலை கொஞ்சம் குறையும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2020இல் 1650 ஜிடிடிஆர்6 நினைவகத்தோடும் வெளிவந்தது. அதன் வேகம் 12 ஜிகாபிட். கணக்குப் போட்டால் 192 ஜிபி வரும். பெயர் அதேதான். பழைய கார்டை யாரிடமாவது வாங்குகிறீர்கள் என்றால் எந்த நினைவகம் என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தின் மோசமான உதாரணம் என்விடியாவின் இன்னொரு கார்டான ஜிடி 1030. அதன் ஜிடிடிஆர்5 வகை நொடிக்கு 48 ஜிபி தரும், அதே பெயரில் பின்னால் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபிதான் தரும். இரண்டையும் ஒரே பெயரில் விற்றது வாங்குகிறவருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறோம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். மதர்போர்டில் கார்டைச் செருகும் நீளமான ஸ்லாட்டில், கார்டுக்கும் கணினிக்கும் நடுவே தரவு போய்வர 16 பாதைகள் உண்டு. 1650 அந்த 16ஐயும் பயன்படுத்தும். 6500 எக்ஸ்டி பார்வைக்கு முழு நீளம்தான், ஆனால் 4 பாதைகள் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இந்த ஸ்லாட் தரத்தின் 4.0 பதிப்பு உள்ள மதர்போர்டில் அந்த நான்கின் வழியே நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அதுவே சுமார் 4 ஜிபியாகச் சுருங்கிவிடும். அதே பழைய போர்டில் 1650க்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கும்.

கார்டின் 4 ஜிபிக்குள் கேம் அடங்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழியத் தொடங்கினால் மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து இந்தப் பாதை வழியாகத்தான் இழுக்கவேண்டும். அப்போதுதான் படம் திக்கித் திக்கி நகரும். எங்களிடம் ஒருவர் பழைய கணினிக்கு 6500 எக்ஸ்டி வாங்கிப் போனார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். சராசரி வேகம் நன்றாகத்தான் காட்டுகிறது, ஆனால் திரும்பும் இடமெல்லாம் தடுக்குகிறது என்றார். கேமின் அமைப்பில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) ஒரு படி குறைத்தோம், சரியாகிவிட்டது. ஆனாலும் அவருடைய போர்டு என்ன என்று விற்பதற்கு முன்பே நாங்கள் கேட்டிருக்கவேண்டும். அன்றிலிருந்து போர்டு தெரியாமல் இந்தக் கார்டை யாருக்கும் கொடுப்பதில்லை.

உங்களுடையது 4.0தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்டெல்லில் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களிலிருந்துதான் 4.0 வந்தது; 10ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் 3.0. ஏஎம்டியில், பெயர் ஜி என்று முடியாத ரைசன் 3000 வரிசை ப்ராசஸரோடு பி550 அல்லது எக்ஸ்570 போர்டு இருந்தால் 4.0 கிடைக்கும். பி450, ஏ520 போர்டுகளில் கிடைக்காது. ரைசன் 5 5600ஜி வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டும்: போர்டு பி550ஆக இருந்தாலும் அந்த ப்ராசஸர் 3.0தான் தரும்.

அடுத்தது மின்சாரம். 1650க்கு 75 வாட். ஸ்லாட்டே அவ்வளவும் கொடுத்துவிடும் என்பதால் பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் தேவையில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கணினிகளுக்கு இது பெரிய வரம். 6500 எக்ஸ்டிக்கு 107 வாட், கேபிள் கட்டாயம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இணைப்பு இல்லையென்றால் மலிவான கன்வர்ட்டர் போட்டுச் சமாளிக்கவேண்டாம்.

வீடியோ எடுப்பவர்கள், விளையாடுவதை நேரலையில் காட்டுகிறவர்கள் இதைப் படியுங்கள். வீடியோவைப் பதிவுசெய்து சுருக்கும் வன்பொருள் 1650இல் இருக்கிறது. 6500 எக்ஸ்டியில் அது அறவே இல்லை. மடிக்கணினியை மனத்தில் வைத்து வடிவமைத்த சிப் அது. அங்கே அந்த வேலையை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி பார்த்துக்கொள்ளும். அந்தப் பகுதி இல்லாத டெஸ்க்டாப்பில் முழுச் சுமையும் உங்கள் ப்ராசஸர் தலையில் விழுந்துவிடும். ஏவி1 என்ற புதிய சுருக்கு முறையில் வரும் வீடியோவைப் பார்க்க உதவும் வன்பொருள் இரண்டிலுமே கிடையாது.

மானிட்டர் விஷயம் சின்னதுதான். 6500 எக்ஸ்டியில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், அவ்வளவே. மூன்று திரை வைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. பல 1650 மாடல்களில் பழைய டிவிஐயும் இருக்கும், ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். 6500 எக்ஸ்டியில் உள்ள ரே ட்ரேசிங்கை (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் வசதியை) நம்பி வாங்காதீர்கள், இந்த அளவுக் கார்டில் அது ஓடும் வேகம் விளையாடப் போதாது. குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் கேமின் வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 1650இல் கிடையாது. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வசதி உள்ள கேம்களில் அதை 1650 வைத்திருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் கருத்து இதுதான். போர்டு 4.0, நல்ல எஸ்எம்பிஎஸ், வேலை விளையாட்டு மட்டும் என்றால் 6500 எக்ஸ்டி வாங்குங்கள், வேகம் கண்ணுக்கே தெரியும். கணினி பழையது, அல்லது வீடியோ வேலையும் இருக்கிறது என்றால் 1650தான் ஏற்றது, முடிந்தால் ஜிடிடிஆர்6 வகையாகப் பாருங்கள்.

வருவதற்கு முன் கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, மதர்போர்டின் பெயர் தெரியும்படி ஒரு படம், எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியுள்ள அட்டையை ஒரு படம், மானிட்டரின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துவாருங்கள். ப்ராசஸரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணினிக் கடையினர்