கரும்பலகையைப் பார்த்து எழுதிய பத்திகள் போதும்: வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தின் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் ஒன்றியங்களின் தொடக்கப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புகளில் படிக்கும் குழந்தைகள் தாமாக ஒரு பத்தி எழுதக் கற்றுக்கொள்வதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்க வேண்டும் என்றும், அந்தப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதும் பழக்கத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது மாலை வேளைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுடன் அமர்ந்து அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்து வருகிறேன். ஒரு புதிய வழக்கம் வகுப்பறைக்குள் போய்ச் சேருவது உங்கள் பயிற்சிகள் வழியாகவும், பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் வழியாகவும்தான் என்பதால், மேலிடத்துக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ஆம் ஆண்டு ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்ததில் உங்கள் உழைப்பு பெரிது. அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்ததன் பலனை நான் கண்ணால் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளை இன்று பள்ளிக்கு வரும் சிறார் இதழான ஊஞ்சலைத் தானே எடுத்துப் படிக்கிறது. என் கவலை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் வந்துவிட்ட அதே பிள்ளையிடம், நேற்று நீ பார்த்த ஒன்றைப் பற்றி ஒரு பத்தி எழுது என்றால், பென்சிலைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, "எழுதிப் போடுங்க டீச்சர், பாத்து எழுதிர்றேன்" என்கிறது.

பிள்ளைக்கு அறிவு குறைவு என்று யாரும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. பத்தி என்ற பெயரில் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தது எது என்று பாருங்கள். "பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு பால் தரும். பசு புல் தின்னும். பசுவின் சாணம் எருவாகும்." இந்த ஐந்து வாக்கியங்களிலும் பிழை இல்லை. ஆனால் மூன்றாவதைத் தூக்கி முதலில் வைத்தாலும், ஐந்தாவதை இரண்டாவதாக்கினாலும் எதுவும் கெடுவதில்லை; ஒரு வாக்கியமும் அடுத்ததைக் கேட்டு நிற்கவில்லை. இடம் மாற்றினாலும் பொருள் மாறாத வாக்கியங்கள் பட்டியலாகுமே தவிரப் பத்தி ஆகா. கறவைப் பசுவுக்குக் கழுநீரில் புண்ணாக்குக் கரைத்து வைப்பதையும், வைக்கத் தவறிய நாளில் அது காலைத் தூக்கிக் கறக்க விடாமல் அடம் பிடிப்பதையும் தினமும் வீட்டில் பார்க்கும் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. தனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று யாரும் சொல்லாததால் அந்தப் பிள்ளையும் நான்கு கால்களைப் பற்றியே எழுதுகிறது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயம் ஆகாது. பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளிக்கும் பயிற்சி வகுப்பில் தொடர்ந்து நடக்கிறது. பத்தியைத் தாமே எழுதும் பயிற்சிக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை 2005 முதல் நாடெங்கும் பார்த்து வரும் ஏசர் ஆய்வுகூட எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையுமே முதன்மையாக அளக்கிறது. அளக்கப்படாத திறன் வகுப்பில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு பள்ளியின் கட்டுரை நோட்டுகளைப் பார்க்க வாய்த்தபோது 'எங்கள் ஊர்த் திருவிழா' என்ற தலைப்பில் எல்லா நோட்டிலும் ஒரே பத்தி இருந்தது. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையும் இருந்தது. நாட்டரசன்கோட்டைக் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னே செவ்வாய்ப் பொங்கலுக்கு வரிசை வரிசையாகப் பானைகள் பொங்குவதைப் பார்த்த பிள்ளைக்கும், சிராவயல் பொட்டலில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மஞ்சுவிரட்டுப் பார்த்த பிள்ளைக்கும், வீடுதோறும் மாவிலைத் தோரணம் கட்டும், உரைநூலைப் (கைடு) பார்த்து எழுதிய அதே திருவிழாதான்.

எப்படிக் கற்பிக்கலாம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிள்ளை எழுதுவதற்கு முன் பேச வேண்டும். ஆத்தங்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டைல்ஸ் பட்டறை பழகிய இடம். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைப்பதும், அதற்குள் பூ அச்சை இறக்குவதும், அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுவதும், அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வதும், பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவதும் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். இதை ஒரு பிள்ளை வகுப்புக்குச் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். அச்சு இல்லாமல் ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்டால், "கலரெல்லாம் ஒண்ணாக் கலந்துரும்ல" என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஒரு காரணம் இருக்கிறது. அச்சைப் பற்றிய வாக்கியத்துக்கு அடுத்து வர வேண்டிய வாக்கியம் அதுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஊற வைப்பதை முதலில் எழுதினால் கதை நடக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் வேலையே அந்த வரிசையில்தான் நடக்கிறது. ஆசிரியர் பலகையில் எழுதலாம். ஆனால் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், எந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று அவர்களிடமே கேட்டு அடித்துத் திருத்த வேண்டும், முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட வேண்டும். அதன் பிறகு அவரவர் நோட்டில் அவரவர் பத்தி.

நேர வரிசை பழகியபின் இட வரிசைக்கு நம் பெரிய வீடுகளே போதும்: முகப்பிலிருந்து வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றம்), வளவிலிருந்து இரண்டாங்கட்டு (அதற்கு அடுத்த பகுதி), அங்கிருந்து அடுப்படி என்று நடந்து போகிற வரிசையிலேயே எழுதலாம். குடிநீர் ஊருணியில் ஏன் யாரையும் குளிக்க விடுவதில்லை என்று கேட்டால், காரணம் சொல்லும் பத்தி வரும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வாக்கியங்களை இணைப்பது. வீட்டில் ஒரு பிள்ளை, "எங்கப்பத்தா சந்தைக்குப் போயி கத்தரிக்கா வாங்கிட்டு வந்துச்சு, ஆனா எல்லாம் சொத்தையாப் போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அதே பிள்ளை நோட்டில், "அப்பத்தா சந்தைக்குப் போனார். அப்பத்தா கத்தரிக்காய் வாங்கினார். அப்பத்தா வந்தார்" என்று எழுதுகிறது. பேச்சில் இருந்த வினையெச்சமும், 'ஆனால்' என்ற திருப்பமும் எழுத்தில் காணாமல் போகின்றன. சிறு சிறு வாக்கியமாக எழுது என்று தொடக்க வகுப்புகளில் சொல்வது தேவைதான்; 4ஆம் வகுப்புக்கு வந்த பிறகும் அதிலேயே நிறுத்தி வைப்பதுதான் தவறு. "சந்தைக்குப் போன அப்பத்தா வாங்கி வந்த கத்தரிக்காய் எல்லாம் சொத்தையாக இருந்ததால் அன்று குழம்பு வைக்கவில்லை" என்று இணைத்துக் காட்டினால் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். பெயரெச்சம், வினையெச்சம் என்ற பெயர்களை மேல் வகுப்புகளில் கற்றுக்கொள்ளட்டும். பயன்பாட்டை இப்போதே பழகட்டும்.

திருத்தும் முறையும் மாற வேண்டும். பேச்சு வழக்கில் 'வந்துச்சு' என்று எழுதிய இடத்திலும், ல, ள, ழ மாறிய இடத்திலும், ஒற்று விடுபட்ட இடத்திலும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து இரண்டு வரியில் முடித்துக்கொள்ளும். முதல் வாசிப்பில் ஆசிரியர் செய்தியைப் பற்றி ஒரு வரி எழுதட்டும், 'கத்தரிக்காயை அப்பத்தா என்ன செய்தார்?' என்பது போல. அதற்குப் பதிலாகப் பிள்ளை இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்த பிறகு, அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தினால் போதும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுவது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சொல்ல வந்த செய்தி தாளில் இறங்கிய பிறகு அதைச் செய்யலாம் என்பதே என் கருத்து.

நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். அவர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, மதிப்பெண்களைச் செயலியில் ஏற்றிக்கொண்டு, மற்றப் பதிவேடுகளையும் எழுதும் சுமையை நான் நன்கு அறிவேன். ஆனால் பல வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்தக்கூடிய வேலை இது. ஊருணி என்ற ஒரே தலைப்பில் 2ஆம் வகுப்புப் பிள்ளை படம் வரைந்து ஒரு வாக்கியம் எழுதட்டும், 3ஆம் வகுப்புப் பிள்ளை மூன்று வாக்கியங்களை வரிசைப்படுத்தட்டும், 5ஆம் வகுப்புப் பிள்ளை முழுப் பத்தி எழுதிச் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை தெளிவாக எழுதும். ஊஞ்சல் இதழில் வெளிவருவது சிலருடைய எழுத்துத்தான். வகுப்புச் சுவரில் எல்லோருக்கும் இடம் உண்டு.

குழந்தைகளுக்காக எழுதுவதை வாழ்நாள் பணியாகக் கொண்ட அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரமும், தன் வாழ்நாளெல்லாம் நூல்களைச் சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவின் கோட்டையூரும் நம் செட்டிநாட்டு ஊர்கள். பிள்ளைகளிடம் இவர்களைப் பற்றிச் சொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டும் என்றால், அவர்கள் கையில் சொந்த எழுத்தும் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வோர் ஆசிரியரும், தம் வகுப்பில் நன்றாக எழுதும் பிள்ளை ஒன்று, நடுத்தரமான பிள்ளை ஒன்று, திணறும் பிள்ளை ஒன்று என மூவர் தாமாக எழுதிய பத்திகளைத் திருத்தாமல் கொண்டுவருமாறு சொல்லுங்கள். பயிற்சிக் கட்டகத்தைத் திறப்பதற்கு முன் அந்தத் தாள்களை மேசை மேல் பரப்பி, எந்த வாக்கியத்தை இடம் மாற்றினால் பொருள் கெடுகிறது, எதை மாற்றினாலும் கெடவில்லை என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அடுத்த பருவத்துக்கான எழுத்துப் பாடவேளைகளை அந்தத் தாள்களைக் கொண்டே திட்டமிடலாம். கையெழுத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை வாக்கியங்களின் வரிசைக்கும் இணைப்புக்கும் மாற்றிக் கொடுக்கவும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறோம். பிள்ளைகள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் படிக்கவும் ஆள் தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் எதிர்பாராமல் வர அணியமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
காரைக்குடி