அபிக்கு, ரிக்கற் போட முன்

அன்புள்ள அபி,

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால்தான், ஸ்பெயினுக்கும் பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நீ ரிக்கற் போட முன் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதழுது போனதற்கு இன்றைக்காவது பயன் இருக்கட்டும்.

போன முறை நீ போன ஊரில், அறை வாடகைக்கு விட்டவன் உன்ர கறுப்பு நிறத்தை வாசலில் கண்டதும் "பதிவு இல்லை" என்று கதவைச் சாத்தியதை உன்ர சிநேகிதி சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு நீ அனுப்பியது கடற்கரைப் படம். மறைக்காதே, பிள்ளை. மற்றதெல்லாம் உன்ர விருப்பம். இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

எனக்கு இது புதிதில்லை. கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த காலம், பொலிஸில் பதிந்துவிட்டுத்தான் தங்க வேண்டும். பஸ்ஸை மறித்தால் எல்லாரும் இறங்குவோம். ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்ததும் சிங்கள ஆக்கள் ஏறிவிடுவார்கள், நாங்கள் வெயிலில் நிற்போம். சின்னம்மா வெளிக்கிட முன் பொட்டை அழிப்பா. நானும் அழித்திருக்கிறேன். பொட்டில்லாமல், வாய் திறக்காமல் இருந்தால் சில நாள் தப்பலாம். உனக்கு அழிக்க ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு நித்திரை வராத காரணம்.

எயார்போட்டில் அன்றைக்கு நீயும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம், ஒரே நாட்டுப் பாஸ்போர்ட்டோடு. ஸ்கானருக்குள்ளால் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால், நீலக் கையுறை போட்ட விரல்கள் உன்ர பின்னலுக்குள் நிற்கின்றன. அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு பின்னலாக அமத்திக்கொண்டு வருகிறாள். லண்டன் பெக்கமில் அரை நாள் குந்தியிருந்து பின்னுவித்த தலை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "எழுந்தமானமாகத்தானே எடுக்கிறார்கள், அம்மா" என்றாய் பிறகு.

எழுந்தமானமா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2000ஆம் ஆண்டில் ஒரு அறிக்கை விட்டது. சுங்கத்தில் தடவிப் பார்த்த பிறகு எக்ஸ்ரேக்கு அனுப்பப்படுவது, அந்நாட்டு வெள்ளைப் பெண்களைவிட அந்நாட்டுக் கறுப்புப் பெண்களுக்கு 9 மடங்கு கூட. பொருள் அகப்பட்டதோ, வெள்ளைப் பெண்களோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. தலைமுடியைத் தடவுவது பற்றி முறைப்பாடுகள் வந்து, 2015இல் அங்கத்தைய விமான நிலையப் பாதுகாப்புத் துறை தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டது. யாரோ ஒருத்தி வாய் திறந்தபடியால்தான் அதுவும் நடந்தது.

அப்பா பிளேன் ஏறுவதென்றால் கோட் போட்டு, சப்பாத்து மினுக்கித்தான் போவார். கானாவின் குமாசியிலிருந்து வந்த நாள் தொட்டு அந்தப் பழக்கம். உனக்கும் அதைத்தான் சொல்லுவார். நான் சொல்லமாட்டேன். கோட்டோடும் அவரை மறிக்கிறார்கள்தானே.

ஸ்பெயினுக்குப் போகிறாய் என்றபடியால் ரோசலிண்ட் வில்லியம்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, 1969இல் ஸ்பானியக் குடியுரிமை எடுத்த கறுப்புப் பெண். 1992 டிசம்பரில் கணவரோடும் மகனோடும் வயடோலிட் ஸ்டேஷனில் ரயிலால் இறங்குகிறா. பொலிஸ் அவவிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டது. ஏன் என்று கேட்டதற்கு, உங்களைப் போன்ற ஆக்களைச் சோதிக்கச் சொல்லியிருக்கு என்று பதில். அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே 2001இல் அதில் பிழையில்லை என்று விட்டது. அவ விடவில்லை. 2009இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஜெர்மனியிலும் ஒரு மாணவனை ரயிலில் மறித்த வழக்கு. நிறத்தைப் பார்த்து மறிக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை 2012 ஒக்டோபரில் கோப்லென்ஸ் மேல் நீதிமன்றம் தள்ளியது, பொலிஸ் தரப்பு மன்னிப்புக் கேட்டது. பிரான்ஸிலும் 2016இல் இதே மாதிரித் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தபடியால் உன்னை மறிக்காமல் விடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நீ "ஏன் என்னை மட்டும்?" என்று கேட்பது வாய்க்காரத்தனம் இல்லை.

பாஸ்போர்ட்டை ஹொட்டலில் விட்டுவிட்டுத் திரியாதே. மறித்தால் முதலில் காட்டு, பிறகு கேள். ஆக்கள் நிற்கிற இடத்தில் கேள், ஆளரவமில்லாத இடத்தில் நேரத்தையும் அவர்களின் இலக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வந்துவிடு. இன்னொன்று, அப்பாவுக்குக் காட்டாதே: இரவில் தனியே நடக்கிற கறுப்புப் பெண்ணிடம் விலை கேட்கிற ஆம்பிளைகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் வெளிச்சமுள்ள கடைக்குள் போய்விடு.

உண்மையைச் சொன்னால், ஐரோப்பாவைவிட அதற்குப் பிறகு நீ போகிற இடங்கள்தான் எனக்குப் பயம். 2016 ஜனவரிக் கடைசியில் பெங்களூரில் சூடான்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தா. கொஞ்ச நேரத்தால் வேறு காரில் அந்த வழியால் வந்த தான்சானிய மாணவியைக் கூட்டம் இழுத்து அடித்தது, உடுப்பைக் கிழித்தது, காரைக் கொளுத்தியது. அவளுக்கும் விபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நகரத்தில் நல்லவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனாலும் உன்ர சிநேகிதி இல்லாமல் இரவில் வெளிக்கிடாதே. எங்கேயாவது கூட்டம் கூடினால் என்ன ஏதென்று பார்க்க நிற்காதே.

யாழ்ப்பாணத்தில் அடிக்கமாட்டார்கள், கதைப்பார்கள். கறுப்பு ஆக்களை இழிவாகச் சொல்லுகிற காப்பிலி என்ற சொல் காதில் விழும். உனக்கு விளங்காது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். விளங்கும் என்று தமிழிலேயே காட்டு. எங்கட சனத்தின் நிறப் பைத்தியம் உன்னோடு தொடங்கினதில்லை. நான் பிறந்த அன்றைக்கே "பெட்டை கறுப்பு, சீதனம் கூடக் கேட்பாங்கள்" என்றாவாம் மாமி. இலங்கைக்கு நீ முதல் ஆளுமில்லை. போத்துக்கீசர் காலம் தொட்டுக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் புத்தளத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பெரியம்மாவோடு கதைத்துவிட்டேன். உன்னை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நிற்கிறா. அவவின் வாய்க்கு ஊரே பயம், அதனால் அங்கே யாரும் உறுத்துப் பார்த்தால் அவ பார்த்துக்கொள்ளுவா. சென்னையிலிருந்து வருகிற பிளேனின் நேரத்தை அனுப்பு, பலாலிக்கு அண்ணா வருவான். உன்ர படத்தைப் பார்த்துவிட்டு, "இவவோடு என்ன பாஷையில் கதைக்கிறது?" என்று என்னைக் கேட்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வந்து நீயே சொல்லு.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கினதும் ஒரு வரி போடு. அதுக்கு மேலே ஏதும் நடந்தால் போன் எடு, எத்தனை மணியென்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா