அன்புள்ள சரவணனுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சரவணா,

அம்மாவும் கலாவும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போன மாதம் வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. கேமராவில் அப்படித்தான் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே ராஜ்பவன் பக்கம் நேரு கோளரங்கத்துக்குப் போயிருந்தேன். உன் எம்-51 கேலக்ஸியைத் திரையில் காட்டினார்கள். என் மகன் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறான் என்று பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். எத்தனையாவது வருஷம் என்றார். ஐந்தாவது என்றேன். அப்போ முடிக்கிற நேரம் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாய். சின்ன கேலக்ஸி என்ஜிசி 5195 பக்கத்தில் வந்து இழுத்ததில்தான் பெரியதன் சுழல் கைகள் இவ்வளவு எடுப்பாகத் தெரிகின்றன, 1972இல் டூம்ரே சகோதரர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள் என்பாய். நட்சத்திரங்கள் மோதிக்கொள்வது அபூர்வம், வாயுதான் நெருக்கப்பட்டு அதில் புது நட்சத்திரங்கள் பிறக்கும் என்பாய். அங்கே பேசியவரும் அதைத்தான் சொன்னார். நீ சொன்னபோது புரிந்த அளவு புரியவில்லை. தீபாவளிக்குப் பிறகு உன்னிடம் அந்தப் பேச்சே இல்லை. வேலை அதிகம் போல.

வீட்டுக்கு வந்து படித்ததில் மனதில் நின்றது ராஸ் பிரபுவின் தொலைநோக்கி ஆடிதான். 1773இல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் பார்த்தபோது உன் கேலக்ஸி வெறும் மங்கல் திட்டு. 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி வைத்துப் பார்த்த பிறகுதான் சுழல் தெரிந்திருக்கிறது. அந்த ஆடி கண்ணாடி இல்லை, செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்தது, ஏறக்குறைய 3 டன். வெள்ளீயம் கூடினால் பளபளப்பு கூடும், நொறுங்கும் குணமும் கூடும். எங்கள் டூல் ரூமில் அந்த மாதிரி வெண்கலம் கடைந்தால் சுருள் வராது, பொடியாகத் தெறிக்கும். டூலை மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் சூளையிலேயே வைத்து ஆறவிட்டும் அவருடைய முதல் வார்ப்பு விரிசல் விட்டிருக்கிறது. மறுபடி வார்த்திருக்கிறார். சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் இரண்டு ஆடிகள். ஒன்று தொலைநோக்கியில் இருக்கும்போது மற்றதை மெருகேற்றுவார்கள். முதல் வார்ப்பு கெட்டதற்காக யாரும் அவரைக் குறைசொன்னதாக நான் படித்த எதிலும் இல்லை.

முருகேசன் மாமா மகன் ஊருக்கு வந்திருந்தான். நீ ரூம் மாறிவிட்டாய், டிபார்ட்மெண்ட் பக்கம் பார்க்கவே முடியவில்லை என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆலங்காயத்தில் பாட்டி வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு, காவலூர் தொலைநோக்கி எந்தப் பக்கம், இப்போது எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு என்னைத் தூங்கவிடாத பிள்ளை நீ. அம்மா பக்கம், என் பக்கம் இரண்டு சொந்தத்திலும் டெலஸ்கோப் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நீதான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், எது எப்படி ஆனாலும்.

சாப்பாட்டை விடாதே, தூக்கத்தையும் விடாதே. போஸ்ட் ஆபீஸ் பணம் மார்ச்சில் கைக்கு வருகிறது. கலாவுக்கு எடுத்து வைத்தது தனி, அதைத் தொட வேண்டியதில்லை. டிக்கெட் போட வேண்டுமென்றால் தேதியை மட்டும் சொல். திரும்பிப் போக டிக்கெட் வேண்டுமா என்று நான் கேட்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அப்போது கூப்பிடு.

அப்பா