‘கடமைக்குச் செய்தார்’ என்பது குற்றமா? மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் மூன்றாம் மாடி பெண்கள் வார்டில் என் அம்மா 11 நாள் இருந்தார். டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் கொடுத்த படிவத்தில், இரவுப் பணி உதவியாளரைப் பற்றி இரண்டு கட்டங்கள்: ‘விருப்பத்தோடு செய்தார்’, ‘கடமைக்குச் செய்தார்’. இரண்டாவதில் டிக் அடித்தவள் நான். பாராட்டாகத்தான் அடித்தேன். அதனால் அவருக்கு அந்த மாத ஊக்கத்தொகை போய்விட்டது என்று மறுபரிசோதனைக்கு வந்தபோது தெரிந்தது. மேலாளரிடம் நேரில் சொன்னேன், இரண்டு முறை மின்னஞ்சலும் அனுப்பினேன். ‘படிவத்தில் உள்ளபடிதான்’ என்றார்கள்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

ஏன் அப்படி அடித்தேன் என்று சொல்கிறேன். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு அம்மாவால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரவு 12, 2, 4 என்று அவர் வருவார். பேச மாட்டார். முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஏசியில் சில்லென்ற கை பட்டால் அம்மா துடித்துவிடுவார். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், கால்களுக்கு நடுவே தலையணை. அப்புறம் விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒருநாளும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் இரவுதான் சொன்னார், கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டதாக. “எதுலயும் மனசு ஒட்டலம்மா. ஆனா அவங்களைத் திருப்பிப் போடணும்ல?”

கல்லூரியில் 22 ஆண்டுகள் அறவியல் நடத்தியவள் நான். 1785-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் எழுதிய நூலில் இப்படி ஒருவர் வருகிறார். சொந்தத் துக்கத்தில் மனம் இருண்டு, பிறர்மேல் பரிவே எழாத நிலையிலும், செய்ய வேண்டியது என்பதற்காகவே எழுந்து உதவுகிறவர். அந்தச் செயலுக்குத்தான் உண்மையான அறமதிப்பு என்றார் கான்ட். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது உங்கள் வார்டில்தான்.

நம் பேச்சில் ‘கடனேன்னு செய்தான்’ என்றால் அரைகுறையாகச் செய்தான் என்று ஆகிவிட்டது. கைம்மாறு எதிர்பாராத மழையை நினைத்து வள்ளுவர் ‘கடப்பாடு’ என்றார். அதே வேரிலிருந்து வந்த சொல் உங்கள் படிவத்தில் வசையாக நிற்கிறது.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். நல்லதைச் செய்வதில் மகிழாதவர் நல்லவரே அல்லர் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. 1976-இல் மைக்கேல் ஸ்டாக்கர் என்ற தத்துவ அறிஞர் சொன்ன உதாரணம் மருத்துவமனையிலேயே நடப்பது: பார்க்க வந்த நண்பர் கடமைக்காகத்தான் வந்தார் என்று தெரிந்ததும் நோயாளியின் மனம் வாடிப்போகிறது. சரி, நண்பரிடம் அந்த அன்பை எதிர்பார்க்கலாம். என் அம்மாமீது ஆசை வைக்க வேண்டியவர்கள் நானும் என் தங்கையும். சம்பளத்துக்கு வருகிறவரிடம் நேரத்தையும் கவனத்தையும் பதமான கையையும் கேட்கலாம். அவர் நெஞ்சுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கேட்க யாருக்கு உரிமை?

இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் இப்போது இதுதான். கொட்டும் மழையில் பார்சலோடு நிற்கும் பையன், சிரித்த முகத்தோடு “அஞ்சு ஸ்டார் போடுங்கக்கா” என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. உழைப்பை வாங்கிக்கொண்டு, மனசையும் சேர்த்து எழுதிக் கொடு என்பது கொடுமை. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். நேரத்துக்கு வந்தாரா, வலிக்காமல் கையாண்டாரா என்று கேளுங்கள். என் டிக்கைக் காட்டிப் பிடித்த தொகையை அவரிடம் திருப்பிக் கொடுங்கள். அதற்கு இன்னொரு படிவம் வேண்டுமென்றால், எந்த நாளானாலும் அயனாவரத்திலிருந்து வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் 11 நாள் இருந்தவரின் மகள்